அழுத்தியும் கோடு தடிக்கவில்லையா?

ஒரு பென்சிலை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தொடங்கும்போது மெல்லத் தொடுங்கள். நடுவில் நன்றாக அழுத்துங்கள். முடிக்கும்போது மறுபடியும் கையை இலேசாக்கி எடுத்துவிடுங்கள். நடுவில் பருத்து, இரு முனையிலும் கூர்ந்து, புல் இதழைப் போன்ற ஒரு கோடு கிடைத்திருக்கும். இதில் வியப்பு ஒன்றுமில்லை. அழுத்தினால் பென்சில் கரி கூடுதலாகத் தேய்ந்து தாளில் ஒட்டுகிறது. அவ்வளவுதான்.

இனிக் கணிப்பொறியில் படம் வரையும் நண்பர் ஒருவரைக் கவனியுங்கள். அவர் முன்னால் ஒரு கறுப்பு நிறத் தட்டைப் பலகை இருக்கிறது. கடையில் இதைப் 'பென் டேப்லெட்' என்று கேட்டு வாங்குகிறார்கள். (மருந்துக் கடையில் கேட்டுவிடாதீர்கள்!) நாம் இங்கே வரைபலகை என்றே சொல்வோம். அவர் கையிலுள்ள பேனாவில் மையும் இல்லை, கரியும் இல்லை. முனையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் குச்சி. பெரும்பாலான பேனாக்களில் பேட்டரிகூடக் கிடையாது, கம்பியும் இல்லை. இருந்தும் அவர் அழுத்தினால் திரையில் கோடு தடிக்கிறது. கையை இலேசாக்கினால் மெலிகிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் ஒரு நாள் அந்த வித்தை திடீரென்று நின்றுபோகும். எப்படி அழுத்தினாலும் கம்பி இழுத்தாற்போல ஒரே தடிமனில் கோடு வரும். அல்லது பேனா பலகையைத் தொடுவதற்கு முன்பே திரையில் கோடு விழத் தொடங்கும். அப்போது பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். பலகையில் கீறல் விழுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது. சிலர் "பேனா போய்விட்டது, புதிது வேண்டும்" என்று அப்பாவிடம் போய் நிற்கிறார்கள். வேறு சிலரோ, புதிதாக வரையத் தொடங்கியவர்கள், தங்கள் கைதான் சரியில்லை என்று எண்ணி வரைவதையே விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கணிப்பொறியில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட மறந்ததற்காக ஒருவர் தம் கையைக் குறை சொல்லிக்கொள்வது நியாயமா?

இரண்டு தனித்தனிச் செய்திகள்

வரைபலகை கணிப்பொறிக்கு இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். பேனா எங்கே இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பது மற்றொன்று. வரலாற்றில் இவை இரண்டும் ஒன்றாகப் பிறக்கவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த எலிஷா கிரே 1888-இல் 'டெலாட்டோகிராஃப்' என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக்காகக் கிரகாம் பெல்லோடு போட்டியிட்டாரே, அதே கிரேதான். ஓரிடத்தில் ஒருவர் எழுத, மின்கம்பி வழியே செய்தி போய், தொலைவில் இருக்கும் மற்றொரு பேனா அதே கையெழுத்தை எழுதிக் காட்டும். பேனா எங்கே போயிற்று என்பதைத்தான் அது அனுப்பியது. எழுதியவர் அழுத்தி எழுதினாரா, மெல்ல எழுதினாரா என்பது மறுமுனையில் இருந்தவருக்குத் தெரியாது.

1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டேவிஸ், எல்லிஸ் என்ற இருவர் கணிப்பொறிக்கென்றே ஒரு வரைபலகையை உருவாக்கினார்கள். பத்து அங்குலச் சதுரம். அதற்குள் குறுக்கே 1024, நெடுக்கே 1024 என்று நுண்ணிய கோடுகள். பெருக்கிப் பாருங்கள்: பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை அது பிரித்தறிந்தது! ஆனால் அழுத்தத்தைப் பொறுத்தவரை அதன் பேனா முனையில் இருந்தது ஒரு சுவிட்ச் மட்டுமே. அழுத்தினால் 'ஆம்', எடுத்தால் 'இல்லை'. இடையில் எதுவும் கிடையாது. அழுத்தத்தைப் பல படிகளாக அளக்கும் பேனாக்கள் ஓவியர்களிடம் பரவியது அதற்கு வெகு காலம் கழித்துத்தான்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? இரண்டு செய்திகளும் தனித்தனி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான். ஒன்று வந்து சேர்ந்து மற்றொன்று வழியில் தொலைந்துபோக முடியும். பேனாவை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகர்கிறது, கோடும் விழுகிறது, ஆனால் தடிக்கவில்லை என்றால், முதல் செய்தி நலமாக வந்துவிட்டது. இரண்டாவது செய்தி எங்கோ நின்றுவிட்டது. பலகை 'செத்துவிட்டது' என்று சொல்ல இடமே இல்லை.

பேனாவுக்குள் ஒரு சுருதி

கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது சற்று நேரம் முழங்குகிறதல்லவா? பேட்டரி இல்லாத பேனாவும் இப்படித்தான் வேலை செய்கிறது. மணிக்குப் பதிலாக அதற்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்தால், அந்தச் சேர்க்கைக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. பழைய வானொலிப் பெட்டியில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்பார்களே, அங்கேயும் இதே சுருளும் மின்தேக்கியும்தான். குமிழைத் திருகும்போது மின்தேக்கியின் அளவு மாறும். அதனால் பெட்டி ஏற்கும் அதிர்வெண் மாறும்.

வரைபலகையின் மேல்தகட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வளையங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பலகை ஒரு வளையத்தில் மாறுதிசை மின்னோட்டத்தை ஒரு கண நேரம் செலுத்துகிறது. இதன் அதிர்வெண் பல பலகைகளில் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம். மத்திய அலை வானொலி ஒலிபரப்புத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில்! மேலே இருக்கும் பேனாவின் சுருள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு அதிரத் தொடங்குகிறது. உடனே பலகை மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, அதே வளையத்தைக் காதாக்கிக்கொண்டு கவனிக்கிறது. பேனா இன்னும் 'முழங்கிக்' கொண்டிருக்கும். பிறகு அடுத்த வளையம், அதற்கடுத்த வளையம். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இந்தச் சுற்று முழுவதும் நடந்து முடிந்துவிடுகிறது.

பேனாவுக்கு நேர் கீழே உள்ள வளையத்தில் முழக்கம் வலுவாக இருக்கும். தள்ளி உள்ளவற்றில் குறைவாக இருக்கும். அடுத்தடுத்த வளையங்களில் எது எவ்வளவு வலுவாகக் கேட்டது என்று ஒப்பிட்டு, பேனா இரண்டு வளையங்களுக்கு நடுவில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதைக்கூடப் பலகை கணக்கிட்டுவிடும். சில பலகைகள் ஓர் அங்குலத்தில் 5080 புள்ளிகளைப் பிரித்தறிகின்றன. ஒரு மில்லிமீட்டரில் இருநூறு! உள்ளே அத்தனை வளையங்கள் இல்லை, எல்லாம் கணக்குதான்.

சரி, அழுத்தம்? பேனாவின் நிப்பு உள்ளே ஒரு நூலளவு நகரக்கூடியது. நீங்கள் அழுத்தும்போது அது மின்தேக்கியைத் தள்ளுகிறது. தகடுகள் நெருங்கினால் மின்தேக்குதிறன் கூடும். அது கூடினால் அதிர்வெண் குறையும். வேறு சில பேனாக்களில் மின்தேக்கி அப்படியே இருக்க, நிப்பு ஃபெரைட் என்னும் காந்தப் பொருள் துண்டு ஒன்றை நகர்த்திச் சுருளின் தன்மையை மாற்றுகிறது. எப்படியானாலும் முடிவு ஒன்றுதான்: பேனாவின் சுருதி சற்றே மாறுகிறது. தம்புராவின் பிருடையைத் திருகினாற்போல! பலகை அந்த மாற்றத்தை அளந்து, இவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துகொள்கிறது. முழக்கத்தின் வலிமை இடத்தைச் சொல்கிறது. சுருதி அழுத்தத்தைச் சொல்கிறது. விலை கூடிய சில பேனாக்களில் ஒரு சிறு சில்லு அழுத்தத்தைப் பேனாவுக்குள்ளேயே எண்ணாக்கி அனுப்பிவிடும்.

நண்பரின் பேனாவை வாங்கி உங்கள் பலகையில் வைத்தால் ஏன் பெரும்பாலும் வேலை செய்வதில்லை என்று இப்போது புரிகிறதா? வெவ்வேறு நிறுவனங்கள், ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு வகைகள்கூட, தங்கள் பேனாக்களை வேறு வேறு சுருதியில் சேர்த்து வைக்கின்றன. ஆகவே புதுப் பேனா வாங்க நேர்ந்தால் பலகையின் வகை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

8192 என்ற எண்

பெட்டியின் மேல் '8192 அழுத்தப் படிகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஏன் எட்டாயிரம் என்று முழுதாக இல்லாமல் இப்படி ஓர் எண்? இரண்டை இரண்டால் பதின்மூன்று இலக்கம் வரை பெருக்கிப் பாருங்கள்: 2, 4, 8, 16... பதின்மூன்றாவதாக வருவது 8192. கணிப்பொறி இரண்டின் அடுக்குகளில் எண்ணுகிறது. 256 படிகள் கொண்ட பலகைகளும் இருந்தன. பிறகு 1024, 2048 என்று ஏறி, இன்று 16384 வரை வந்திருக்கிறது.

இந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். திரையில் உங்கள் தூரிகையின் பெருத்த தடிமன் 20 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி தடிக்க நானூறுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பாதியைக் குறைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதைவிட, எவ்வளவு மெல்லத் தொட்டாலும் பேனா உணர்ந்துகொள்கிறதா என்பதே வரைபவருக்கு முக்கியம். பெட்டியின் மேல் அதை அவ்வளவு பெரிதாக அச்சிடுவதில்லை.

எங்கே தொலைந்தது?

அழுத்தம் என்னும் செய்தி புறப்படுமிடம் நிப்பு. அங்கிருந்து பேனாவின் உள்பகுதி, பலகை, இணைப்புக் கம்பி, கணிப்பொறிக்குள் இருக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள், பிறகு விண்டோஸ் போன்ற இயக்க மென்பொருள், பிறகு நீங்கள் படம் வரையும் மென்பொருள், கடைசியில் அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த தூரிகை. எட்டு நிலையங்கள். எதில் வண்டி நின்றாலும் கோடு தடிக்காது.

மாடியிலுள்ள குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தெருக் குழாயிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடியாகக் குழாயை வெட்டிப் பார்ப்பீர்களா? வழியில் பாதித் தொலைவில் இருக்கும் ஒரு குழாயைத் திறந்து பார்ப்பீர்கள். அங்கே தண்ணீர் வந்தால் குறை அதற்கு மேலே, வராவிட்டால் கீழே. ஒரே சோதனையில் பாதி வீடு தப்பித்தது! எட்டு நிலையங்களை இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் மூன்று சோதனைகளில் ஆளைப் பிடித்துவிடலாம். (இங்கேயும் இரண்டின் அடுக்குதான், பார்த்தீர்களா?)

நமக்கு நடுக்குழாய் எது? டிரைவர்தான். பலகையோடு வரும் டிரைவர் மென்பொருளைத் திறந்தால், பேனாவுக்கான பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சோதனைக் கட்டம் இருக்கும். அங்கே அழுத்தினால் ஒரு பட்டை ஏறும், இறங்கும். படம் வரையும் மென்பொருளை அறவே மூடிவிட்டு இதை மட்டும் பாருங்கள்.

பட்டை அழகாக ஏறி இறங்குகிறதா? நிப்பு, பேனா, பலகை, கம்பி, டிரைவர் ஐந்தும் நலம். புதுப் பேனா வாங்க வேண்டிய தேவை தொண்ணூறு பங்கு போய்விட்டது. கோளாறு மென்பொருள் பக்கம். பட்டை அசையவில்லை, அல்லது தாறுமாறாக ஆடுகிறது என்றால் கோளாறு கைப்பக்கம். இனி அந்தப் பக்கத்தை மட்டும் ஆராய்ந்தால் போதும். ஒன்று சொல்லிவைக்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நிப்பையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, கணிப்பொறியையும் அணைத்துப் போட்டால், கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடியும் வந்தால் மறுபடியும் முழிக்க வேண்டியதுதான்.

கைப்பக்கத்துக் கோளாறுகள்

தொடுவதற்கு முன்பே கோடு விழுகிறதா? பட்டை, பேனாவைக் காற்றில் பிடித்திருக்கும்போதே சிறிது ஏறி நிற்கிறதா? நிப்பு உள்ளே அழுந்தியபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பேனா 'என்னை யாரோ அழுத்துகிறார்கள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பலகையோடு தந்த சிறு வளையத்தாலோ இடுக்கியாலோ நிப்பைப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். முறுக்கக் கூடாது, ஒடிந்து உள்ளே தங்கிவிடும். எடுத்த நிப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். துளையின் வாயில் தூசி இருந்தால் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். துளைக்குள் தண்ணீரோ எண்ணெயோ விடாதீர்கள். நிப்பை மறுபடி செருகி, முழுதும் உள்ளே போய் உட்காரும்வரை தள்ளுங்கள்.

நேர்மாறாக, பலமாக அழுத்தினால்தான் கோடு தொடங்குகிறது என்றால், நிப்பு தேய்ந்து குட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் நிப்பு பென்சிலைப் போலவே தேயும். ஒரு பக்கம் உளிபோலச் சரிந்து கூர்மையானால் அது பலகையையும் கீறத் தொடங்கும். பல பலகைகளோடு மாற்று நிப்புகள் சில கொடுத்திருப்பார்கள். பெட்டியைத் தூக்கி எறியுமுன் அதைத் தேடி எடுத்து வையுங்கள். சில வகைகளில் அவை பேனா நிறுத்தியின் அடியில் ஒளிந்திருக்கும்!

பேனா நிப்பு தரையில் படும்படி விழுந்திருந்தால் செய்தி அவ்வளவு நல்லதல்ல. நூலளவு நகரும் அந்த மின்தேக்கி மிக நுண்ணியது. இதனால்தான் நிப்பின் மேல் பேனாவின் எடை தாங்கும்படி நிறுத்தி வைக்கக்கூடாது. படுக்க வையுங்கள், அல்லது அதற்கென்று தந்த நிறுத்தியில் வையுங்கள்.

பட்டை நடுங்குகிறதா? உங்கள் கை நடுங்கவில்லை என்று எண்ணுகிறீர்களா? மேசையைப் பாருங்கள். இரும்பு மேசையா? பலகையின் வளையங்கள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அவை பேனாவின் மெல்லிய குரலோடு குறுக்கிடும். நடுவில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தாலே வேறுபாடு தெரியலாம். பக்கத்தில் கைப்பேசியைச் சார்ஜ் செய்துகொண்டிருந்தால் தள்ளி வையுங்கள். பலகையைப் பல துளை கொண்ட யுஎஸ்பி நீட்டிப்பில் செருகியிருந்தால் கழற்றி நேரே கணிப்பொறியில் செருகுங்கள். வீட்டில் மத்திய அலை வானொலிப் பெட்டி இருந்தால், அதைத் தாழ்ந்த அதிர்வெண் முனையில் திருப்பி, பலகையின் அருகே கொண்டுபோய் ஏதாவது கேட்கிறதா என்று பாருங்கள். கோளாறு தீர்வதற்கு அல்ல, வேடிக்கைக்குத்தான்.

பேட்டரி உள்ள பேனாக்களும் உண்டு. திரையின் மேலேயே வரையும் கணிப்பொறிகள் பலவற்றோடு வருபவை அவை. அவற்றில் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அல்லது சார்ஜ் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மென்பொருள் பக்கத்துக் கோளாறுகள்

எண்ணிக்கையில் இவைதான் அதிகம். ஆறுதலான செய்தி என்னவென்றால், இவற்றைத் தீர்க்கக் காசு செலவில்லை.

எளியதிலிருந்து தொடங்குவோம். எல்லாத் தூரிகையும் அழுத்தத்துக்குத் தடிக்காது. சில தூரிகைகள் அழுத்தினால் அடர்த்தி கூடும்படி அமைந்தவை. சில எதற்கும் அசையாதவை. அழுத்தத்துக்கும் தடிமனுக்கும் தொடர்பு கொடுப்பது தூரிகையின் அமைப்பில் உள்ள ஒரு குறி. ஃபோட்டோஷாப்பில் 'ஷேப் டைனமிக்ஸ்' பகுதியில் 'பென் பிரஷர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அருகே ஒரு முக்கோண எச்சரிக்கைக் குறி தெரிந்தால், அழுத்தச் செய்தி அந்த மென்பொருள்வரை வந்து சேரவேயில்லை என்று அறியலாம். காசில்லாமல் கிடைக்கும் கிரிட்டா மென்பொருளில் மேல்பட்டையிலேயே பேனா அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டு. தெரியாமல் அதன்மேல் சொடுக்கிவிட்டு ஒரு மாலைப் பொழுதை இழப்பது மிக எளிது.

தூரிகை சரி, ஆனாலும் தடிக்கவில்லை என்றால் அடுத்த நிலையம் இயக்க மென்பொருள். விண்டோஸில் அழுத்தச் செய்தி போக இரண்டு பாதைகள் இருக்கின்றன. 'விண்டேப்' என்பது 1990-களின் தொடக்கத்தில் வந்த பழைய பாதை. 'விண்டோஸ் இங்க்' என்பது மைக்ரோசாஃப்ட் பின்னாளில் போட்ட பாதை. டிரைவர் ஒரு பாதையில் செய்தியை அனுப்ப, படம் வரையும் மென்பொருள் மற்றொரு பாதையில் காத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒருவர் கிழக்கு வாசலிலும் மற்றவர் மேற்கு வாசலிலும் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் காத்திருந்த கதைதான். அப்போது பேனா வெறும் மவுஸ் போலத்தான் நடந்துகொள்ளும். மவுஸுக்கு இடம் உண்டு, பொத்தான் உண்டு, அழுத்தம் கிடையாது. ஆகவே ஒரே தடிமனில் கோடு.

இதைத் தீர்க்க டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' என்ற கட்டத்தின் குறியை மாற்றிப் பாருங்கள். இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் போடுங்கள். கிரிட்டாவில் 'டேப்லெட் செட்டிங்ஸ்' என்ற பக்கத்தில் இரண்டு பாதைகளில் எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க மறந்துவிடாதீர்கள். அதே பக்கத்தில் 'டேப்லெட் டெஸ்டர்' ஒன்றும் இருக்கிறது. அதில் கோடு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் எத்தனை விழுக்காடு என்று எண்ணாகவே எழுதிக் காட்டும். இதை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் சற்றுத் தயங்கி நின்று பிறகு ஓடுகிறதா? விண்டோஸில் 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்றொரு வசதி உண்டு. பேனாவை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் அது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தியதற்குச் சமம். நீங்கள் கோடு இழுக்கிறீர்களா, பொத்தானை அழுத்துகிறீர்களா என்று அறிய அது ஒரு கணம் காத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பேனாவுக்கான பகுதியில் அதை நிறுத்திவிடுங்கள்.

முன்பு வேறு நிறுவனத்தின் பலகை வைத்திருந்தீர்களா? அதன் டிரைவர் இன்னும் கணிப்பொறிக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கலாம். இரண்டு டிரைவர்கள் ஒரே பேனாவுக்கு உரிமை கொண்டாடினால் இரண்டும் கெடும். இரண்டையும் நீக்கி, கணிப்பொறியை அணைத்துத் தொடங்கி, தற்போதைய பலகைக்குரியதை மட்டும் நிறுவுங்கள். ஆப்பிளின் மேக் கணிப்பொறிகளில், டிரைவருக்கு உரிய அனுமதிகளை நீங்களே 'பிரைவசி' பகுதியில் தந்தால்தான் அது பேனாவைக் கவனிக்கும். லினக்ஸில் பல பலகைகளுக்கான டிரைவர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

ஒரு சமையலறைத் தராசும் ஒரு வரைபடமும்

இன்னொரு வகைக் குறை உண்டு. எல்லாம் வேலை செய்கிறது; ஆனால் கோடு மனத்துக்கு ஒத்து வரவில்லை. சிறிது தொட்டாலே தடித்துவிடுகிறது. அல்லது எவ்வளவு அழுத்தினாலும் மெலிவாகவே நிற்கிறது. இது கோளாறு அல்ல. உங்கள் கைக்கும் பேனாவுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் வெபர் 1834-இல் வெளியிட்ட நூலில் தொடு உணர்ச்சியைப் பற்றி ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னார். கையில் சிறிய எடை இருக்கும்போது சிறிது கூட்டினாலே நமக்குத் தெரிந்துவிடும். பெரிய எடை இருக்கும்போது அதே அளவு கூட்டினால் தெரியாது. எவ்வளவு கூடியது என்பதைவிட, இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதையே நம் உணர்ச்சி கவனிக்கிறது. பேனாவோ கிராம் கணக்கில் அளக்கிறது. இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் வேண்டாமா? அதுதான் டிரைவரில் காணப்படும் அழுத்த வளைகோடு. 'மென்மை' பக்கம் நகர்த்தினால் குறைந்த அழுத்தத்துக்கே தடிக்கும். 'கடினம்' பக்கம் நகர்த்தினால் கூடுதலாக அழுத்த வேண்டும். எது சரி என்று யாரும் சொல்ல முடியாது. அழுத்தி எழுதுபவருக்குக் கடினமும், பூப்போல எழுதுபவருக்கு மென்மையும் ஒத்து வரும்.

உங்கள் பேனாவின் வளைகோட்டை நீங்களே வரைந்து பார்க்கலாம். வீட்டில் எண் காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் போதும். தராசின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள். தராசின் தட்டு உலோகமாக இருந்தால் பலகையோடு குறுக்கிடும் அல்லவா, அதற்காக. அதன்மேல் வரைபலகையை வைத்து, இணைப்புக் கம்பி இழுக்காமல் தளர்வாக விடுங்கள். தராசைச் சுழியாக்குங்கள். கிரிட்டாவின் சோதனைக் கட்டத்தைத் திறந்து வையுங்கள்.

இனிப் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, பலகையின் நடுவில் மெல்ல அழுத்துங்கள். உங்கள் கையோ மணிக்கட்டோ பலகையில் படக்கூடாது. பட்டால் கையின் எடையையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். தராசு 20 கிராம் காட்டும்போது திரையில் எத்தனை விழுக்காடு? 50 கிராமில்? 100-இல்? 200-இல்? ஒருவர் அழுத்த, மற்றொருவர் எண்களைக் குறித்துக்கொள்வது எளிது. திரை 100 விழுக்காட்டைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் பயனில்லை; நிப்புக்குத்தான் கேடு.

வரைபடத் தாளில் கிடையச்சில் கிராம், நிலையச்சில் விழுக்காடு என்று குறியுங்கள். தொடக்கத்தில் சில கிராம்வரை கோடு தரையோடு தரையாகக் கிடந்தால், அவ்வளவு அழுத்தினால்தான் பேனா விழித்துக்கொள்கிறது என்று பொருள். பிறகு கோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்: நேராகவா, வளைந்தா? டிரைவரின் வளைகோட்டை மாற்றிவிட்டு மறுபடியும் அளந்து, வேறு நிறத்தில் அதே தாளில் வரையுங்கள்.

அந்தத் தாளில் தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து, டிரைவர் அமைப்பை மாற்றாமல் புது நிப்புப் போட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் பேனா நலமாக இருக்கிறது. சுழி கிராமிலேயே சில விழுக்காடு காட்டி, நிப்பைக் கழற்றித் துடைத்த பிறகும் அது இறங்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் அந்த நுண்ணிய பகுதி பழுதாகிவிட்டது. அப்போது அப்பாவிடம் தாராளமாகப் போய் நிற்கலாம். இரண்டு வரைபடங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.